மூன்று கண் மதகும் ஒரே பிரிண்டரும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 'முறைப் பிரிண்ட்' என்பதைக் கண்டுபிடித்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வந்தவர்கள் இரண்டு தெரு தள்ளி நடந்திருந்தால், ஒரே பிரிண்டரை மூன்று கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் அதிசயத்தையும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஒருவரும் வரவில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான்.

இந்த அதிசயத்தின் தந்தை என் மாமனார் வேதாசலம். கடைமடை விவசாயிகள் நலச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். பெரிய ஏரியின் பாசனத்தில் எங்கள் நிலம் கடைசியில் கிடக்கிறது. மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர்கள் வயிறு முட்டக் குடித்த பிறகு மிச்சம் இருந்தால்தான் எங்கள் வாய்க்கால் நனையும். இந்த அநியாயத்தை எதிர்த்து மாமா போராடியதில் பாதி ஊருக்குத் தெரியும். மீதி, மாமாவே சொல்லி ஊர் தெரிந்துகொண்டது. ஒரு வருடம் தலைமடைக்காரர்கள் மதகு ஷட்டருக்குப் பூட்டே போட்டுவிட்டார்கள். மாமா பட்டப்பகலில், ஊர் பார்க்க, கடப்பாரையோடு போய் அந்தப் பூட்டை உடைத்தார். அந்தக் கோலத்தில் அவர் நிற்கும் படம் எங்கள் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. படத்துக்கு அடியில் 'கடைமடைக் காவலர்' என்று தங்க நிற எழுத்து. அதற்கும் அடியில், சுவரில் சாத்தியபடி, அதே கடப்பாரை. ஆயுத பூஜையன்று முதல் பொட்டு அதற்குத்தான். மிக்சி, கிரைண்டரெல்லாம் அப்புறம்.

ஏறுகிற மேடையிலெல்லாம் மாமா ஒரே பாடத்தைச் சொல்வார். "மொதல்ல மனு குடு. கேக்கலியா, நேர்ல போயி கெஞ்சு. அதுக்கும் கேக்கலியா, கடப்பாரைய எடு. இந்த வரிசைய மாத்தாத!" கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது மனப்பாடம்.

பிரிண்டர் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது வரலாற்று ஆய்வாளர்கள் அதிகம் தொடாத பகுதி. தென்னேரியில் பிறந்த வீட்டில் இருந்தபோது நான் டைப்பிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். சீர் கொடுக்கிற நேரம் வந்ததும் பீரோ வேண்டாம், டிரெஸ்ஸிங் டேபிள் வேண்டாம் என்று அப்பாவிடம் அடம்பிடித்து, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கேட்டு வாங்கினேன். பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே அது டெம்போவில் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. தெரு பார்த்ததெல்லாம் வரலாறு ஆகிவிடுமா என்ன? அடுத்த வாரமே பிரிண்டர் 'குடும்பப் பொதுச் சொத்து' என்று மாமாவால் 'அறிவிக்கை' செய்யப்பட்டது. ஆட்சேபணை தெரிவிக்க அவகாசம் கொடுத்திருப்பார்கள். நான் அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. மாடியில் இருப்பது மூத்தார் கதிர்வேலுடையது. என் கணவரின் அண்ணன். மனை வியாபாரம் செய்கிறார். ஏரியைக் காப்பாற்றுவது தகப்பனின் தொண்டு. 'ஏரிக்கு மிக அருகில்' என்று பிளாட் போட்டு விற்பது பிள்ளையின் தொழில். கூடத்தில் இருப்பது மாமாவுடையது. மேகம் எங்கே நிற்கிறது, நமக்கு வருமா, வழியில் யாராவது மடக்கிவிடுவார்களா என்று தினமும் காலையில் அதில் பார்ப்பார். மூன்றாவது என்னுடையது. அது நானும் என் கணவர் தினேஷ்குமாரும் இருக்கிற அறையில். முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்த இடம். கூடத்திலிருந்து இரண்டு படி இறங்கி, தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

மூன்றையும் இணைக்க, பஜாரில் இன்டர்நெட்டுக்கு ஒயர் இழுக்கும் வெங்கடேசன் வரவழைக்கப்பட்டார்.

"பிரிண்டர எங்கய்யா வெக்கப் போற?" என்றார் மாமா.

"எங்க வேணா வெக்கலாம் தலைவரே. ஒயரு போனா போதும்."

"மொட்டையா சொல்லாத. மேட்லயா, பள்ளத்துலயா?"

வெங்கடேசன் தலையைச் சொறிந்தார். "இது கரன்ட்டு சமாச்சாரம் தலைவரே. மேடு பள்ளம்லாம் பாக்காது."

"பாக்காதா? எது பாக்காம ஓடும்? ஏரி மேட்லதானய்யா கீது? பிரிண்டர மாடில, பெரியவன் மிசின்ல மாட்டு. அங்கேர்ந்து ஒயர சாய்வா எறக்கு. எங்கயும் மடக்காத. மடக்கினா அங்கயே தேங்கிப்பூடும்."

வெங்கடேசனுக்கு ஒயர் நீளத்தை வைத்துத்தான் கூலி. சாய்வாக இறக்கினால் ஒயர் ஒன்றரை மடங்கு. "தலைவர் அனுபவத்துல சொல்றாரு, சரியாதான் இருக்கும்" என்று அந்த இடத்திலேயே விஞ்ஞானத்தைக் கைவிட்டார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, அடிக்கச் சொல்ற சேதி கீயேர்ந்து மேலல்ல போவுது?"

மாமா என்னைப் பரிவோடு பார்த்தார். "தண்ணிதாம்மா கீய வரும். மனு எப்பவும் கீயேர்ந்து மேலதான் போவும்."

வெங்கடேசன் அதற்குள் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

மூன்று ஒயரும் கூடத்துக்கு வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேர்ந்தன. அதற்கு 'ஸ்விட்ச்' என்று பெயராம். மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "எத்தினி கண்ணு மதகுய்யா இது?"

"அஞ்சு கண்ணு தலைவரே."

"நமக்கு மூணு போதும். மீதி ரெண்டையும் அடச்சிடு. தொறந்து கெடந்தா வீணாதான் போவும்."

அடைத்தார்கள். சிமென்ட் கேட்டார் மாமா. டேப்பே போதும் என்று சமாதானமானது. கிளம்புகிற நேரத்தில் வெங்கடேசன் ஒரு நல்ல சேதி சொன்னார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது, பிரிண்டரே ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளிவிடும் என்றார். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மூணு கண்ணையும் ஒண்ணா தொறந்துவுட்டா கடைக்கு எப்டிய்யா போய்ச் சேரும்? இத்தினி வருசமா நான் தொண்ட கிய கத்திக்கினு கீறதே அதுக்குதான?"

ஸ்விட்ச்சுக்கு உடனே ஒரு மரப்பெட்டி செய்யப்பட்டது. அதற்கு ஒரு பூட்டு. சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றில். மாடி ஒயர் எப்போதும் செருகியபடியே இருக்கும். மற்ற இரண்டில் யாருடைய முறையோ அவருடைய ஒயரை மட்டும் மாமா தன் கையால் செருகுவார், மற்றது பிடுங்கப்பட்டிருக்கும். உலகமெல்லாம் அந்தப் பெட்டியை எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்காக வைக்கிறார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் பயன்படுத்திவிடாமல் இருப்பதற்காக வைத்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

முறை எப்படி என்றால்: தலைமடையான மாடிக்கு வாரத்தில் பாதிக்கு மேல். நடுமடையான கூடத்துக்கு வியாழனும் ஞாயிறும். கடைமடையான எனக்கு வெள்ளிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அது முடிகிறவரை எதையும் தொடங்கக்கூடாது என்பது மாமியார் ஜெயமணியின் சட்டம். ஆக, எனக்குக் கிடைத்தது நிகரமாக அரை மணி நேரம். அதில் பாதி, என் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கே போய்விடும்.

பிரிண்டரின் வயிற்றில் மை ஊற்றி வைக்கக் கண்ணாடித் தொட்டிகள் இருக்கின்றன. மாமா தினமும் டார்ச்சோடு மாடி ஏறி, கரையில் நின்று ஏரியைப் பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்து அளவு சொல்வார். "கறுப்பு முக்கா. மஞ்ச நெறவு. நீலம் ஏண்டா இப்டி எறங்கிப் போச்சு? எவன் எடுத்தான்?" நீலம் முழுக்க அவர் தினமும் கலரில் எடுக்கும் மேகப் படத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பார்வை என் அறைப் பக்கம்தான் திரும்பும். கடைமடையில் இருப்பவர்கள் திருடுவார்கள் என்று தலைமடையில் இருப்பவர்களுக்கு எப்போதுமே ஒரு எண்ணம் உண்டு. இதை நான் மாமாவின் பழைய பேச்சு ஒன்றிலிருந்துதான் கற்றேன்.

நிற்க. நான் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். வயது வரம்பு எனக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. அதாவது இதை விட்டால் எனக்கு அடுத்தது என்று ஒன்று கிடையாது. ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு, மாட்டுக்கொட்டகை விளக்கில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை காஞ்சிபுரத்தில் பரீட்சை. ஹால் டிக்கெட் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் மெயிலில் வந்தது. வந்தபோது என் முறை முடிந்து, ராகு காலமும் முடிந்து, பெட்டி பூட்டியாகிவிட்டது. 'அச்சுப் பிரதி இல்லாதவர்கள் தேர்வறைக்குள் அனுமதிக்கப்படமாட்டார்கள்' என்று ஹால் டிக்கெட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

வரிசை மாறக்கூடாது அல்லவா? முதலில் மனு கொடுத்தேன். கையால் எழுதிய மனு. டைப் அடித்து எடுக்க என் முறை இல்லை. மாமா அதை வாங்கி, 'பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அலுவலகம் என்றால் எங்கள் வீடுதான் அலுவலகம்.

"மாமா, முடிவு?"

"ஒன் முறை அடுத்த வெள்ளிக்கெயம வருதேம்மா."

"பரீட்ச இந்த ஞாயித்துக்கெயம மாமா."

"அப்ப பரீட்ச வெக்கிறவன்தான் நம்ம முறைய விசாரிச்சிட்டு வெச்சிருக்கணும்."

"ஒரே ஒரு பக்கம்தான் மாமா."

"ஒரு சால் தண்ணிதான், ஒரு சால் தண்ணிதான்னுதாம்மா தலைமடைக்காரன் மொத்தத்தையும் இயுத்துக்கினான். ஒனக்கு வுட்டுக் குடுத்தா நாளைக்கு முறைன்னு ஒண்ணு இருக்குமா?"

சனிக்கிழமை மாடியின் முறை. அன்று கதிர்வேல் அடிக்க வேண்டியிருந்தது சாதாரண மனை நோட்டீஸ் அல்ல. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா தலைமையில் 'கடைமடைக்கு நீதி கேட்டு மாபெரும் பொதுக்கூட்டம்'. அதற்கான நோட்டீஸ். காலையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே கதிர்வேல் வாசகத்தைப் படித்துக் காட்டினார். நான் இட்லி பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"'தலைமடையில் அமர்ந்திருப்பவர்களே! உங்கள் வயல் நிரம்பிய பிறகும் மதகைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்? நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, எங்கள் பங்கு!' எப்டி கீது நைனா?"

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போடுறா. ஊர்ல ஒரு செவுரு பாக்கி இருக்கக்கூடாது."

நேரில் போய்க் கெஞ்சுவதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? இட்லிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கெஞ்சினேன். "மாமா, இதுக்கப்புறம் எனக்கு வயசு முடிஞ்சிபூடும். நோட்டீசுக்கு நடுவுல ஒரே ஒரு பக்கம் வுடச் சொல்லுங்க மாமா."

"கூட்டத்து வேலைல பேஜார் பண்ணாத மோகனா" என்றார் கதிர்வேல், சட்னியை வழித்துக்கொண்டே.

"அப்ப பஜார்ல போயி எடுத்துக்கினு வந்துடறன்."

மாமா கையை உதறிக்கொண்டு எழுந்தார். "கடைக்கா? ஏரிய வூட்ல வெச்சிக்கினு எவனாவது லாரித் தண்ணி வாங்குவானா? கடைமடைக் காவலன் மருமவ பிரிண்டு எடுக்கக் கடை வாசல்ல நிக்கிறான்னு நாளைக்குக் கூட்டத்துலயே கேப்பானுங்க. வூட்டு மானம் போயிடும். வாசப்படி தாண்டாத."

நான் என் கணவரைப் பார்த்தேன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்கப் போகிற அவசரத்தில் இருந்தார். "இன்னாங்க, நீங்களாவது சொல்லுங்க."

தினேஷ்குமார் நன்றாக யோசித்தார். "ரெண்டு பக்கமும் நியாயம் கீது மோகனா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். இப்படி ஒரு நடுநிலையாளர் நம் நாட்டில் பெரிய பதவிகளில் இல்லாமல் ஒரு கம்பெனியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருப்பது காலத்தின் கோலம்.

மாடியில் பிரிண்டர் கடகடவென்று நீதியை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் சோறு வடித்தேன். குழம்பு வைத்தேன். கடப்பாரையைப் பார்த்தேன். அப்பளம் பொரித்தேன். மறுபடியும் கடப்பாரையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாமா தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, வந்த நோட்டீஸ்களைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கடப்பாரையை எடுத்ததும் நிமிர்ந்து புன்னகைத்தார்.

"கூட்டத்துக்கு எடுத்துக்கினு போறதுக்கா? பொட்டு வெச்சிட்டு வெய்யிம்மா."

பூட்டு ஒரே நெம்பில் வந்துவிட்டது. மாமா அந்தக் காலத்தில் மூன்று தடவை ஓங்கிப் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். மரப்பெட்டி பாவம், ஷட்டர் அல்ல.

"அய்யய்யோ! இன்னா காரியம் பண்ண நீ?"

"மனு குடுத்தன் மாமா, நீங்க கையெழுத்துகூட போட்டீங்க. காலைல கெஞ்சினன். மூணாவது இதுதான? வரிசைய மாத்தல."

என் ஒயரைச் செருகினேன். சின்ன விளக்கு பச்சையாகச் சிமிட்டியது. இரண்டு படி இறங்கி ஓடி, என் கம்ப்யூட்டரில் 'பிரிண்ட்' என்று தட்டினேன். தட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மாடியில் கடகட சத்தம் நின்றுபோயிருந்தது. எதுவும் வரவில்லை.

படிக்கட்டின் மேலே கதிர்வேல் நின்றிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு. "மதகு தொறந்துட்டா ஆச்சா? ஏரி என் ரூம்ல கீது. மிசினயே அமுத்திட்டன். இப்ப எடு பாக்கலாம்."

இங்கேதான் ஒரு தொழில்நுட்ப உண்மையை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரிண்டர் யாருடைய கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறதோ அது உயிரோடு இருந்தால்தான் மற்றவர்களுக்குச் சொட்டு கிடைக்கும். 'பகிர்வு' என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் தங்கியிருக்க வேண்டும்.

கடப்பாரையைப் பழைய இடத்தில் சாத்தினேன். பூட்டுக்குத்தான் அது வேண்டும். பிரிண்டருக்கு இரண்டு கை போதும். படியேறி, கதிர்வேலைத் தாண்டி உள்ளே போய், ஒயரைப் பிடுங்கி, பிரிண்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். மாமா குறுக்கே வந்து நின்றார்.

"பொதுச் சொத்த எங்க தூக்கிக்கினு போற?"

பதில் சொன்னது நான் அல்ல, சமையலறை வாசலில் நின்றிருந்த மாமியார்.

"பொதுச் சொத்தா? அது அவ சீரு. டெம்போலேர்ந்து எறக்கினப்ப ஆரத்தி எடுத்தவ நான்தான்" என்றார் ஜெயமணி. அப்புறம் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ராகு காலம் பத்தரைக்கே முடிஞ்சிபோச்சு. நீ போம்மா."

என் அறையில், என் மேஜையில், என் கம்ப்யூட்டரோடு நேராகச் சேர்த்தேன். சாய்வு இல்லை, கண் இல்லை, முறை இல்லை. கறுப்பு அடிமட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஹால் டிக்கெட் வந்தது, என் பெயரோடு, என் முகத்தோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு பக்கக் காகிதத்துக்காக ஒருத்தியை இப்படி அலைய விட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் 'ணங்' என்று சத்தம். மாமா நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் அவர் வந்ததில்லை. குனிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னால் கதிர்வேல், கையில் பென்டிரைவோடும் மை பாட்டிலோடும்.

"நோட்டீசு பாதிதாம்மா வந்துது" என்றார் மாமா, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "நாளைக்குக் கூட்டம்."

"வெள்ளிக்கெயம வரைக்கும் காத்துக்கினு இருன்னு சொல்லப் போறியா?" என்றார் கதிர்வேல்.

எனக்கும் ஆசைதான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இங்க முறையெல்லாம் இல்ல" என்றேன். "கேட்டா குடுக்கறதுதான்."

மை ஊற்றி, மீதி நோட்டீஸ் முழுவதையும் அடித்துக் கொடுத்தேன். கூட ஒன்று அடித்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். தகப்பனும் பிள்ளையும் கடைமடையில் தலையைக் குனிந்தபடி காத்திருந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். வாசலில் ஹால் டிக்கெட்டைக் காட்டினேன், உள்ளே விட்டார்கள். எழுதினேன். நன்றாகவே எழுதினேன். சாயங்காலம் பொதுக்கூட்டத்துக்கும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மாமா அன்று பேசியதுபோல் என்றுமே பேசியதில்லை. "நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, எங்கள் பங்கு!" என்று அவர் முழங்கியபோது நானும் எழுந்து நின்று கை தட்டினேன். பொய்க்குத் தட்டவில்லை. சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

கூட்டம் முடிந்து, கழுத்தில் மாலையோடு வீட்டுக்குள் நுழைந்த மாமா கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய படத்துக்கும் கடப்பாரைக்கும் நடுவே, பசை இன்னும் காயாமல், அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"இத ஏம்மா இங்க ஒட்டின? ஊர்ல எல்லாச் செவுத்துலயும்தான் ஒட்டியாச்சே."

"அதான் மாமா" என்றேன். "ஊரு மொத்தமும் படிச்சிடுச்சி. இந்தச் சேதி இன்னும் வந்து சேராத கடைமடை நம்ம வூடு ஒண்ணுதான்."